முதலில் புறப்பட்ட பை

முப்பத்தோரு வருடம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் கூட அங்கே கேட்டைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல், வீட்டு அலமாரியில் இருந்த டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். உளுந்து டப்பாவில் உளுந்து என்று ஒட்டிய அன்று என் மனைவி, "எனக்கு உளுந்தப் பாத்தா தெரியாதாக்கும்?" என்று கேட்டாள். அப்படிப்பட்டவனுக்கு, எட்டு நாள் காட்டில் தங்கப் போவதற்குச் சாமான் கட்டும் வேலை கிடைத்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் குலதெய்வமான சாஸ்தா, மலையடிவாரக் காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கிறார். ஆடி அமாவாசையை ஒட்டிக் குடும்பம் குடும்பமாக அங்கே போய், தார்ப்பாய் கட்டி, கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிட்டுத் தங்கிவிட்டு வருவோம். அங்கே கடை கிடையாது, கரண்ட் கிடையாது. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் போனில் சிக்னலும் கிடையாது. அரிசியில் இருந்து தீப்பெட்டி வரை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போகவேண்டும். பிளாஸ்டிக் பையோ ஷாம்பு பாக்கெட்டோ ஆற்றுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, சாவடியில் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்துத்தான் விடுவார்கள். ஆய்க்குடியில் இருக்கும் என் அக்காவும் என் மனைவியும்தான் வருடாவருடம் இந்த மூட்டை கட்டும் வேலையைப் பார்ப்பார்கள். இந்த முறை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் போன வருடம் நடந்தது.

போன வருடம் இரண்டாம் நாள் காலையில் என் மனைவி கால் வலிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அக்கா குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, "கட்டில் இல்லாம இவளுக்கு உறக்கம் வராது. போகட்டும்" என்று சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டாள். மற்ற நாட்களை நான் வீராப்பாக அங்கேயே இருந்து முடித்துவிட்டு வந்தேன்.

விஷயம் கால் வலி இல்லை என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். அவளுக்குச் சர்க்கரை. நாலு வருடமாகக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். இது எனக்குத் தெரியும். எனக்கும் எங்கள் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் காட்டில் அவள் அதை எங்கே வைத்துப் போடுவாள் என்று நான் ஒரு நிமிடம் கூட யோசித்தது இல்லை. வீட்டில் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நின்றபடியே போட்டுக்கொள்வாள். அங்கே ஒரே தார்ப்பாயின் கீழ் பதினோரு பேர். கதவு என்று எதுவும் இல்லை. இரண்டு வேளை ஊசி போடாமல் இருந்திருக்கிறாள். "ஆத்துத் தண்ணிய எத்தன சொம்பு குடிச்சும் தாகம் அடங்கலை. வாந்தி வந்தது. அங்கனயே விழுந்துருவேன்னு பயந்துதான் கிளம்பினேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. ஏசியிருந்தால் கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

எதற்கு இந்த ஒளிவுமறைவு என்று கேட்பீர்கள். இன்சுலின் ஆரம்பித்த சமயத்தில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு மாத்திரை என்றால் பரவாயில்லை, ஊசி என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று இவள் பயந்தாள். நானும் தலையாட்டினேன். மருந்தைத் தென்காசியில் வாங்கினால் யார் கண்ணிலாவது படும் என்று, மாதாமாதம் நான் திருநெல்வேலிக்குப் போய் வாங்கி வந்தேன். செங்கோட்டையில் நல்ல இடமாக அமைந்து, கல்யாணமும் நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்பார்களே என்று அதையும் தள்ளிப்போட்டோம். இப்படித்தான் நாலு வருடம் ஓடியது.

அதனால் இந்த வருடம் நான் சபதம் எடுத்துக்கொண்டேன். இவள் எட்டு நாளும் இருக்கவேண்டும். ஒரு வேளை ஊசி தவறக்கூடாது. வெளியே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. இந்த மூன்றுக்கும் ஏற்றபடி சாமான் கட்டவேண்டும்.

முதலில் ஒரு கூடாரம் வாங்கினேன். ஆன்லைனில் ஆர்டர் செய்தது. இரண்டு பேர் படுக்கலாம், உள்ளே இருந்து ஜிப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்த ஜிப்தான் முக்கியம். சாரல் அடிக்கிற ஒரு காலை நேரத்தில் மொட்டை மாடியில் அதை விரித்துக் கட்டிப் பழகினேன். குற்றாலத்துப் பக்கமிருந்து வந்த காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் சாத்தியது. அன்றைக்கென்று அக்கா வந்திருந்தாள். மாடிக்கு ஏறி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஏலே, எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழ கிடக்கும்போது உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எதுக்குலே இது? புதுமாப்பிள்ளையா நீ?"

"எனக்குக் குளிரு தாங்கலக்கா" என்றேன்.

"அறுவது வயசுல இப்பதான் குளிரு தெரியுதாக்கும்" என்றாள். ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்திருப்பாள். சிரிக்கட்டும், ஜிப் என்னிடம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது மருந்தைக் குளிர்ச்சியாக வைப்பது. ஐஸ் பெட்டி ஒரு நாள் தாங்கும், எட்டு நாள் தாங்காது. பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானையை வைத்து, நடுவில் ஆற்று மணலைப் போட்டு நனைத்து, மேலே ஈரத்துணி மூடினால் உள்ளே குளிர்ச்சி நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். குயவரிடம் அளவு சொல்லி இரண்டு பானை வாங்கி, அடுக்களை மூலையில் வைத்து, உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, மூன்று நாள் மணிக்கு ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதினேன். ஆற்றங்கரையில் இன்னும் நன்றாகவே நிற்கும் என்று பட்டது. டாக்டரிடமும் காட்டினேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன வருசத்துல ஒருத்தரும் இப்படி எழுதிக் கொண்டுவந்ததில்ல" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மருந்து ஏற்றிய ஊசிப் பேனா, அதில் மாற்றிப் போடும் மருந்துக் குப்பிகள், ஊசிமுனைகள், ரத்தம் சோதிக்கிற கருவி, அதற்கான பட்டைகள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் கற்கண்டு. போட்டு முடித்த ஊசிமுனைகளை ஆற்றங்கரையில் எறிய முடியாது, அதற்கு மூடி போட்ட ஒரு டப்பா வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். எனக்கு அது தோன்றியிருக்காது. நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பேனாவை நான் அன்றுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். திருநெல்வேலியில் வாங்கிவந்து கவரோடு கொடுத்ததோடு என் வேலை முடிந்துவிடும்.

"வலிக்குமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இப்பதான் கேக்கிய" என்றாள். பிறகு, "பழகிட்டு. பாத்ரூம் வழுக்கும், நின்னுக்கிட்டே போடணும், அதுதான்" என்றாள். நான் குனிந்து ஊசிமுனைகளை எண்ண ஆரம்பித்தேன்.

நீல நிறத்தில் ஒரு குளிர்ப்பை வாங்கியிருந்தேன். எல்லாவற்றையும் அதில் அடுக்கினோம். டாக்டர் கொடுத்த கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். தினமும் போட்டுக்கொள்கிற பேனா வெளியில் இருந்தாலும் கெட்டுப்போகாது, அது என் கைப்பையிலேயே இருக்கட்டும் என்றாள் அவள். நான் விடவில்லை. ஒரே இடத்தில் இருந்தால்தான் சாமான் தொலையாது, இது ஸ்டோரில் முதல் பாடம் என்றேன். திங்கட்கிழமை காலை ஊசி போட்டு முடித்ததும் அந்தப் பேனாவையும் நீலப் பைக்குள் வைத்துவிடவேண்டும் என்று சொன்னேன். "நான் பாத்துக்கிடுதேன். நீ இந்தப் பையைப் பத்தி நினைக்கவே வேண்டாம்" என்றேன். சரி என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

மொத்தம் இருபத்து மூன்று உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய அட்டை கட்டி, நோட்டில் வரிசையாக எழுதி வைத்தேன். நீலப் பைதான் ஒன்றாம் எண்.

வேன் திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு வருவதாக ஏற்பாடு. ஆய்க்குடியில் அக்கா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எங்களிடம் வரும். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். "எட்டே காலு ராகுகாலம்லா? குலதெய்வத்துக்குப் போறோம். ஏழரைக்கு முன்னாலயே எதையாவது பரஸ்தானம் வச்சிருலே" என்றாள். புறப்படும் நேரம் சரியில்லை என்றால், நல்ல நேரத்திலேயே பிரயாணச் சாமானில் ஒன்றை எடுத்து வெளியே இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அப்படி வைத்தாயிற்று என்றால் நாம் அப்போதே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் போனாலும் தோஷம் இல்லை, போகிற போக்கில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

எதை வைப்பது என்று யோசித்தேன். எட்டு நாள் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் எங்கள் ஃபிரிட்ஜைத் திங்கட்கிழமை விடிந்ததுமே காலி செய்து அணைத்துவிட்டேன். எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் நீலப் பையை வைத்தால் பரஸ்தானமும் ஆயிற்று, கடைசி நிமிடம் வரை குளிர்ச்சியும் ஆயிற்று. அது மட்டும் இல்லை. இந்தப் பிரயாணமே அவளுக்காகத்தானே, அவள் பைதான் முதலில் புறப்படவேண்டும் என்றும் ஓர் எண்ணம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். இட்லிக்கு முன்னால் அவள் ஊசி போட்டு முடித்துப் பேனாவைத் தந்தாள். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, ஏழேகாலுக்குத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன தம்பி இது?" என்று டீச்சர் கேட்டார்.

"சந்தனம், டீச்சர். சாமிக்கு அரைச்சது. கெட்டுப்போகாம ஃபிரிட்ஜில வையுங்க, வேன் வந்ததும் எடுத்துக்கிடுதேன்."

சாமி பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன். டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே கொண்டுபோனார். நான் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, ஒன்றாம் எண்ணுக்கு நேராக டிக் அடித்தேன். ஸ்டோரில் இருந்து வெளியே போன சாமானுக்கு அப்படித்தான் டிக் அடிப்பேன். கை அதுவாகவே அடித்துவிட்டது.

வேன் வந்தது. டிரைவருக்கு அடுத்த டிரிப் இருந்ததால் ஹாரனை விடாமல் அடித்தார். நான் நோட்டை வைத்துக்கொண்டு எண்களைப் படிக்க, அக்கா வீட்டு ஆட்கள் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். இரண்டில் இருந்து இருபத்து மூன்று வரை எல்லாம் ஏறியாயிற்று. ஒன்றில் ஏற்கெனவே டிக் இருந்தது. நோட்டை மூடி, வீட்டைப் பூட்டி, சாஸ்தாவை நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாவடிக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. வேன் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அங்கிருந்து உள்ளே போக வேறு பஸ் உண்டு. வனத்துறைப் பெண் ஒருவர் எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்படி நம்பர் போட்டுக் கொண்டுவந்தா எங்களுக்கு வேலையே இருக்காது, சார்" என்றார். நான் பெருமையில் வளர்ந்துகொண்டே போனேன். அடுத்தபடியாக, "மருந்து, ஊசி ஏதாவது இருந்தா டாக்டர் லெட்டரோட காட்டிருங்க" என்றார். மற்றவர்கள் காதில் விழாமல் காட்டிவிடலாம் என்று ஒன்றாம் எண்ணைத் தேடித் திரும்பினேன்.

டிக் அடித்த நோட்டு கையில் இருந்தது. பை தென்காசியில் டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது.

என் முகத்தைப் பார்த்ததுமே என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்து மெதுவாக, "பாத்துக்கிடுதேன்னு சொன்னியளே" என்றாள். அவ்வளவுதான். என் வாழ்நாளில் அதைவிடக் கடுமையாக என்னை யாரும் ஏசியதில்லை.

அக்கா வந்தாள். "என்னலே தேடுத?"

"ஒரு மருந்து விட்டுப்போச்சு."

"கால்வலி மருந்து, மதினி" என்றாள் என் மனைவி.

"அதுக்கென்ன, நான் தைலம் வச்சிருக்கேன்."

"அது இல்லக்கா. போயி எடுத்துட்டு வந்துருதேன்."

"தைலத்துக்காலே ஒரு மனுசன் தென்காசி வரைக்கும் போவான்?" என்று அக்கா வாயைப் பிளந்தாள்.

மாலை ஐந்து மணிக்கு உள்ளே போகும் கடைசி பஸ். எங்கள் பெயர்களுக்கு அன்று அனுமதி. அன்று உள்ளே போகாதவர்கள் பிறகு போகமுடியாது என்று சாவடியில் சொன்னார்கள். மற்றவர்கள் சாமான்களோடு முன்னால் போய்த் தார்ப்பாய் கட்டுவது என்றும், அக்கா துணைக்கு இருப்பது என்றும் முடிவானது. பானையையும் ஓர் அரிசி மூட்டையையும் மட்டும் இருவரும் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். என் மனைவி அந்த மூட்டை மேல் உட்கார்ந்தாள். "அஞ்சு மணி வரைக்கும் இங்கனதான் இருப்பேன். போன தடவ மாதிரி நான் வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன்" என்றாள்.

நான் தென்காசிக்குப் பஸ் ஏறினேன். வழியில் இறங்கி இரண்டு மருந்துக் கடைகளில் கேட்டேன். ஒன்றில் அந்த வகை இல்லை. இன்னொன்றில் சீட்டைக் காட்டச் சொன்னார்கள். சீட்டும் நீலப் பைக்குள்தான். ஒரே இடத்தில் இருந்தால் சாமான் தொலையாது என்று சொன்ன வாயில் போடவேண்டும் என்று தோன்றியது. டீச்சருக்குப் போன் மேல் போன் அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. தென்காசியில் இறங்கித் தெருவுக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனால், டீச்சர் வீட்டுக் கதவில் பூட்டு.

பக்கத்து வீட்டில் விசாரித்தேன். தங்கை குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறார், மெயின் அருவி என்றார்கள். அப்போது மணி ஒன்றரை.

ஆடி மாதக் குற்றாலத்தில் ஓர் ஆளைத் தேடுவது எப்படிப்பட்ட காரியம் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சிப்ஸ் கடைகளில் இருந்தும் பழக்கடைகளில் இருந்தும் கூட்டம் சாலைக்கு வழிந்தது. எண்ணெய்க் குப்பியோடு ஒருவர் என் கையைப் பிடித்து, "மாலிஷ் போட்டுட்டுக் குளிங்க அண்ணாச்சி, உடம்பு அலுப்பெல்லாம் போயிரும்" என்றார். என் அலுப்பு எந்த எண்ணெய்க்கும் போகாது என்று அவருக்கு எப்படித் தெரியும். அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் தனி. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குள் எல்லாத் தலையும் ஒரே தலையாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு, வயதான ஆள் ஒருவன் பெண்கள் பக்கம் இப்படி எட்டிப் பார்க்கிறானே என்று இரண்டு பேர் முறைத்தார்கள்.

காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடும் போலீஸ்காரரிடம் போனேன். எழுதிக் கொடுங்கள் என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். சந்தனத்துக்காக யாரும் அருவியை விட்டு அவசரமாக வெளியே வரமாட்டார்கள் என்று தோன்றியதால், உள்ளதை எழுதினேன். தெருப் பெயர், வீட்டு எண், விவரம் எதையும் விடவில்லை. ஸ்டோர் கீப்பர் அரைகுறையாக எழுதமாட்டான். அவர் ஓர் எழுத்தைக் கூட விடாமல் வாசித்தார். தென்காசியில் இந்தத் தெருவில் இருந்து வந்திருக்கும் டீச்சர் உடனே வெளியே வரவும். உங்கள் ஃபிரிட்ஜில் இருப்பது சந்தனம் அல்ல, இன்சுலின். எதிர்வீட்டு அம்மா ஊசி போட முடியாமல் காத்திருக்கிறார்.

அருவிச் சத்தத்தையும் மீறி அது மலையில் மோதித் திரும்பி வந்தது. அவர் இன்னொரு தடவையும் வாசித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சம்பந்தி வீட்டார் செங்கோட்டைக்காரர்கள். சீசன் முடியும்வரை ஒரு நாள் விடாமல் குற்றாலத்தில் குளிப்பவர்கள். நாலு வருடம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் காப்பாற்றியதை, வீட்டு எண்ணோடு சேர்த்து நான் ஊருக்கு வாசித்துவிட்டேன்.

டீச்சர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். சாவி முந்தானையில் முடிந்திருந்தது. இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறினோம். தெருமுனை வந்ததும், "எத்தன வருசமா?" என்றார். நாலு வருசம் என்றேன்.

"எதிர்த்த வீடு. ஒரு வார்த்த சொல்லலியே அந்தப் பிள்ள" என்றார். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம். நான் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு? சாமிகிட்டக் கேளுங்க, சந்தனத்துக்கு" என்று சொல்லிப் பையை எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

இனி பஸ்ஸை நம்ப முடியாது என்று ஒரு காரைப் பிடித்தேன். பை என் மடியில் இருந்தது. வழி முழுக்க அதைப் பிடித்த பிடியை நான் விடவில்லை. சாவடிக்குப் போனபோது ஐந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. இரண்டு பேரும் அதே அரிசி மூட்டை மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையைக் கொடுத்தேன். அவள் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். வரவில்லை. "இங்கனயே சொல்லுங்க" என்றாள். அக்கா முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் என்று சொன்னதையும், சீட்டில் எழுதியதையும், மைக்கையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

"மைக்லயா?" என்றாள்.

"ஆமா."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ."

"சம்பந்தியம்மா அங்கன இருந்தாங்களா?"

"தெரியல."

அவள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த சாக்குத் தூசியைத் தட்டினாள். "அப்ப இனிமே நான் பாத்ரூம்ல நிக்க வேண்டாம்" என்றாள்.

எதற்கெடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டாத என் அக்கா, அப்போது எதுவும் சொல்லவில்லை. பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

ஆற்றங்கரைக்குப் போனதும் கூடாரத்தைக் கட்டினேன். மழை வரும்போல இருக்கிறது என்று என் மனைவி வெங்காய மூட்டையையும் தேங்காய்களையும் அதற்குள் தள்ளி ஜிப்பை இழுத்துவிட்டாள். எட்டு நாளும் அதில் வெங்காயம்தான் தங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரம், அடுப்பு வெளிச்சத்தில், எல்லோருக்கும் நடுவே அவள் ஒரு பலகையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள்.  அவள் யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்துகொண்டே போட்டாள். முடித்துவிட்டு முனையைக் கழற்றி டப்பாவில் போட்டாள்.

"எத்தன யூனிட்டு?" என்று அக்கா கேட்டாள்.

"பதினெட்டு, மதினி."

அக்கா தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பரிமாறத் தொடங்கினாள். தைலத்தைத் தவிர வேறு மருந்து அறியாத அக்காவுக்கு யூனிட் என்ற வார்த்தை எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு எதுதான் நேரத்துக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலையில் ஆற்றில் குளித்துவிட்டு, மணலை நனைப்பதற்காகப் பானையின் ஈரத்துணியை விலக்கினேன். உள்ளே எங்கள் மருந்துக்குப் பக்கத்தில், கைக்குட்டையில் சுற்றிய இன்னொரு பேனா இருந்தது. சாம்பல் நிறம். அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் அக்கா வந்து நின்றாள். கையில் காப்பித் தம்ளர். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆறு வருசமாச்சுலே. போன வருசம் அவ கிளம்பிப் போனதும், நானும் மூணாம் நாளு சளியின்னு சொல்லிட்டுப் போனேன்லா. உனக்கு எங்க அது ஞாபகம் இருக்கப் போகுது."

நான் பேனாவைத் திருப்பி உள்ளே வைத்துத் துணியை மூடினேன். அக்கா காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"அதையும் உன் நோட்டுல எழுதிக்கோ" என்றாள். "டிக்கு மட்டும் அடிச்சிராத."